சிவப்பு வராத நான்கு ரோல்கள்

1988 மே 2, திங்கள்

டாங்க் வெப்பநிலையைக் குறித்து வைக்க அண்ணாச்சி இரண்டு நோட்டு வாங்கி வந்திருந்தார். ஒன்று போதும் என்றேன். "அப்ப இத நீ வச்சுக்கோம்மா, ஏதாவது எழுது" என்றார். எழுதுகிறேன்.

பெயர் சங்கரவடிவு. வயது இருபத்தாறு. பி.எஸ்ஸி. வேதியியல், தங்கப் பதக்கம். (இதை இங்கே யாரும் கேட்கவில்லைதான். ஆனாலும் உண்மை உண்மைதானே.) இன்று முதல் தூத்துக்குடி சிப்பி கலர் லேபின் கெமிஸ்ட். மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம்.

இதுவரை இந்த ஊரில் எடுத்த கலர் பிலிமெல்லாம் பஸ் ஏறி மதுரைக்குப் போய், கழுவி, படமாகித் திரும்ப வாரம் பத்து நாள் ஆகும். இனிமேல் இங்கேயே மறுநாள் படம். மெஷினுக்கு மாலை போட்டார்கள், சந்தனம் வைத்தார்கள். வெப்பமானிக்கும் யாரோ குங்குமப் பொட்டு வைத்துவிட்டார்கள். எண் தெரியவில்லை என்று நான்தான் துடைத்தேன்.

லேப் முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சிக்கு முப்பது வருஷமாக ஐஸ் கம்பெனி. லேப் தொழில் புதிது.

"எத்தன டிகிரிம்மா இருக்கணும்?"

"முப்பத்தேழு புள்ளி எட்டு அண்ணாச்சி."

"எட்டு இல்லாம ஒம்பதா இருந்தா?"

"கூடாது."

"எங்க ஐஸ் கம்பெனில ரெண்டு டிகிரி அங்கிட்டு இங்கிட்டு போனா ஐஸ் கொஞ்சம் அழும், அம்புட்டுதான்" என்று சொல்லி மெஷினை மரியாதையோடு பார்த்தார்.

மே 6, வெள்ளி

மெஷினைப் பொருத்திய இன்ஜினியர் இன்று சென்னைக்குப் போய்விட்டார். இனி எல்லாம் என் தலையில்.

பிலிமில் மூன்று அடுக்கு உண்டு. ஒன்று நீலத்தை எழுதிக்கொள்ளும், ஒன்று பச்சையை, ஒன்று சிவப்பை. முதல் டாங்க் டெவலப்பர். அங்கே மூன்று நிமிஷம் பதினைந்து வினாடி. அந்த நேரத்தில் வெள்ளியும் சாயமும் சேர்ந்தே பிறக்கின்றன. நமக்குச் சாயம் போதும், வெள்ளி வேண்டாம். ஆகவே அடுத்தது பிளீச். அது வெள்ளியைக் கரையக்கூடிய உப்பாக மாற்றும். அதற்கடுத்த ஃபிக்ஸர் அந்த உப்பைக் கரைத்து எடுத்துவிடும். கடைசியில் சாயம் நிலைத்து நிற்க ஒரு முழுக்கு. பிறகு காய வைத்தால் நெகட்டிவ்.

பிளீச்சுக்கு ஒரு குணம். வேலை செய்யச் செய்யக் களைத்துப்போகும். காற்று கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். அதற்காக டாங்கின் அடியில் ஒரு குழாய், வெளியே மீன் தொட்டிக்கு வைப்பது போல ஒரு பம்பு. நாள் முழுக்க டுர்ர்ர் என்று கத்திக்கொண்டே இருக்கும்.

நாள் தவறாமல் காலையில் கம்பெனி அனுப்பிய சோதனைத் துண்டு ஒன்றைக் கழுவி, அதன் அடர்த்தியை அளந்து, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். இன்றுவரை என் புள்ளிகள் கோடு விலகவில்லை.

மே 7, சனி

37.8. பதினெட்டு ரோல். ஹாஸ்டலில் உப்புமா.

மே 11, புதன்

பிரிண்டிங் மெஷினில் இருப்பவர் சந்தியாகு. வயது முப்பத்தொன்று. மதுரை லேபில் எட்டு வருஷம் இருந்தவர். "பத்தாங்கிளாஸ்ல ரெண்டு தடவ ஃபெயில் மேடம், மூணாந்தடவ போவல" என்று அவரே முதல் நாளே சொல்லிவிட்டார். அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது.

நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். எவ்வளவு மஞ்சள், எவ்வளவு மெஜந்தா என்று பட்டனைத் தட்டுகிறார். படம் சரியாக வருகிறது. எந்தக் கணக்கில் என்று கேட்டேன்.

"கணக்கு என்ன மேடம். அந்த ஆளு மொகத்த நேர்ல பாத்தா எப்படி இருப்பாருன்னு யோசிப்பேன்."

இது விஞ்ஞானம் ஆகாது. சொல்லவும் செய்தேன். தலையாட்டிக்கொண்டு அடுத்த நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தார்.

மே 13, வெள்ளி

டெவலப்பர் பட்டு என் வெள்ளைச் சேலையில் காப்பி நிறத்தில் ஒரு கறை. துவைத்துப் பார்த்தேன், எலுமிச்சை தேய்த்துப் பார்த்தேன், உப்பும் போட்டேன். தங்கப் பதக்கம் எதற்கும் உதவவில்லை. கருநீலச் சேலை வாங்க வேண்டும்.

மெஷினைத் தனியே விட்டுப் போக முடியாது என்பதால் மதியச் சாப்பாடு அதன் பக்கத்து மேஜையிலேயே. சந்தியாகுவும் அங்கேதான் சாப்பிடுகிறார். அவர் பார்த்த சினிமாக்களின் கதையைச் சொல்கிறார். ஒரு படத்துக்கு மூன்று மதியம் ஆகிறது. சண்டையை மீன் முள்ளை வைத்து விளக்குகிறார். எனக்குச் சினிமாவில் ஆர்வம் கிடையாது. எதிரே ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது காதை மூடிக்கொள்வது நாகரிகமில்லையே.

மே 16, திங்கள்

பம்பின் சத்தம் பெரிய தொந்தரவு. வில்லன் நர்ஸ் வேஷத்தில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டான். அதற்குப் பிறகு சந்தியாகு சொன்னது எதுவும் காதில் விழவில்லை. எந்தக் கருவிக்கும் கொஞ்சம் ஓய்வு நல்லது. சாப்பாட்டு நேரம் அரைமணி பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். பிறகு மறக்காமல் செருகினேன்.

மே 18, புதன்

வரைபடம் ஹாஸ்டல் துணிக்கொடியைப் போல நேராக இருக்கிறது. இரண்டு வாரமாக ஒரு புள்ளிகூட நகரவில்லை. சோதனைத் துண்டுகளை வீணாக்குவானேன்? தினமும் வேண்டியதில்லை, வாரத்துக்கு ஒன்று போதும் என்று முடிவு செய்துவிட்டேன். கெமிஸ்ட் நான்தானே.

மே 21, சனி

முகூர்த்த வாரம். முப்பத்திரண்டு ரோல். மதியம் கரண்ட் போய் ஜெனரேட்டர் அலறியது. அந்த அலறலிலும் சந்தியாகு கிளைமாக்ஸைச் சொல்லி முடித்தார். கதாநாயகி ரயிலை நிறுத்திவிட்டாள். எழுந்து கை கழுவக்கூட எனக்கு மனம் வரவில்லை. அண்ணாச்சி வந்து, "எம்மா, ரோல் குமிஞ்சு கிடக்கு" என்ற பிறகுதான் ஓடினேன்.

மே 22, ஞாயிறு

விடுமுறை. தலைக்குக் குளித்தேன். அம்மாவுக்குக் கடிதம். சந்தியாகு இன்று எந்தப் படத்துக்குப் போயிருப்பார் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை.

மே 23, திங்கள்

வெப்பம் தாங்கவில்லை என்று அண்ணாச்சி பெரிய எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றை மாட்டியிருக்கிறார். விமானம் கிளம்புவது போலச் சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. வேலை நெருக்கடி என்பதால் ஆளுக்கு ஒரு நேரம் சாப்பிட்டோம். கதை இல்லை.

மே 24, செவ்வாய்

ஒரு கல்யாணப் பெண் தானே நான்கு ரோலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பெயர் பெர்னதெத். நேற்றுதான் கல்யாணமாம். மருதாணி ஈரமாக இருப்பது போலச் சிவந்து கிடந்தது.

"ஸ்டூடியோக்காரரு நாளைக்குக் கொண்டாந்து தாரேன்னாரு. அதான் நானே பிடுங்கிட்டு வந்துட்டேன். கல்யாணம் முடிஞ்ச மறுநாளே ரோட்டுல திரியுதான்னு எங்க அத்தை பேசுது. பேசட்டும். அவுக ஞாயித்துக்கெழம கப்பல் ஏறுதாங்க அக்கா. பதினாலு மாசம். படத்தக் கையில குடுத்து விடணும்."

மாப்பிள்ளை ஜெரால்டு சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை ஊழியர். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் அவர்கள் இருவரும் ஒரே ஊரில் சேர்ந்து இருந்தது ஒன்பது நாள்தானாம். விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.

வியாழக்கிழமை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மாலையிலேயே நான்கு ரோலையும் கழுவிக் காயவைத்துவிட்டேன். வேகம் என்றால் இது.

மே 25, புதன்

சந்தியாகு பெர்னதெத்தின் ரோலை அச்சிட்டுப் பார்த்தார். முகமெல்லாம் பச்சை கலந்த நீலம். சிவப்புக் கூறைச்சேலை காய்ந்த புளி நிறத்தில் இருந்தது. ஃபில்டரை மாற்றிச் சிவப்பைக் கூட்டினார். முகம் சுமாராகத் தேறியது. ஆனால் இருட்டான இடமெல்லாம் சிவப்பு ஏறிக்கொண்டது, பாதிரியாரின் பின்னால் இருந்த நிழல் ரத்தம் சிந்தியது போல. அதைச் சரி செய்தால் முகம் மறுபடி பச்சை. பன்னிரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"மேடம், நெகட்டிவ்லயே ஏதோ இருக்கு. பிரிண்ட்ல என்ன செஞ்சாலும் நிக்க மாட்டேங்கு."

"கெமிக்கல்ல ஒரு குறையும் இல்ல. என் வரைபடத்தப் பாருங்க. உங்க ஃபில்டர்லதான் கோளாறு."

"இன்னைக்குச் சோதனைத் துண்டு போட்டியளா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அண்ணாச்சி வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வரைபடத்தைக் காட்டினேன். சந்தியாகுவிடம் காட்ட ஒன்றும் இல்லை.

மாலையில் பம்பு பிளக்கைத் துடைத்துச் செருகினேன். தூசி நிறைய.

மே 26, வியாழன்

அண்ணாச்சி சந்தியாகுவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். இனி வர வேண்டாமாம். படம் நாளைக்குத்தான் என்று பெர்னதெத்துக்குச் சொல்லி அனுப்பினோம். தலைவலி. வெப்பநிலை 37.8. எழுத ஒன்றுமில்லை.

மே 27, வெள்ளி

எழுத நிறைய இருக்கிறது. மேலே இரண்டு நாளும் நான் எழுதியவற்றைப் படித்துப் பார்த்தேன். யாரும் படிக்காத நோட்டில்கூட ஒளிந்துகொண்டு எழுதியிருக்கிறேன்.

காலை ஒன்பதரைக்குப் பெர்னதெத் வந்தாள். அண்ணாச்சி ஐஸ் கம்பெனிக்குப் போயிருந்தார். மேஜை மீது கிடந்த படத்தை நான் மறைப்பதற்குள் எடுத்துவிட்டாள். பார்த்தாள். முதலில் சிரித்தாள்.

"என்னக்கா, நான் ஊசிப்போன மீன் மாதிரி இருக்கேன்."

அடுத்த படத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லாமே இப்படித்தானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். படங்களை ஒழுங்காக அடுக்கித் திரும்ப மேஜையில் வைத்தாள். "பரவால்லக்கா. இதையே குடுங்க. மொகம் தெரியுதுல்லா, அது போதும்" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாளை சாயங்காலம் வா, அதற்குள் ஏதாவது செய்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுக் கம்பெனிக் கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் அதை நான் புதன்கிழமை மாலையே எடுத்திருக்க வேண்டும். அன்று பம்பின் பிளக் தரையில் கிடந்ததைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் கதை கேட்கப் பிடுங்கியவள் செருகவே இல்லை. ஞாயிறு விடுமுறை. திங்கள் முதல் எக்ஸாஸ்ட் விசிறியின் சத்தத்தில் பம்பு ஓடவில்லை என்பதே தெரியவில்லை. ஐந்து நாள் பிளீச்சுக்கு மூச்சே இல்லை. சோதனைத் துண்டு போட்டிருந்தால் திங்கள் காலையிலேயே புள்ளி கீழே விழுந்து கத்தியிருக்கும். அதையும் நான் நிறுத்தி வைத்திருந்தேன்.

தெரிந்தும் வாயைத் திறக்காமல் சந்தியாகு தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் எழுதிவிட்டேன்.

கையேட்டின் பின்பகுதியில், கோளாறுகள் என்ற அத்தியாயத்தில் இருந்தது. காற்று இல்லாத பிளீச்சில் சிவப்பை எழுதும் அடுக்கின் சாயம் முழுதாக நிறம் பெறுவதில்லை. பாதி நிறமே இல்லாமல் பிலிமுக்குள் தங்கிவிடும். அடுத்த வரியை மூன்று தடவை படித்தேன். அந்தச் சாயம் அழிவதில்லை. நல்ல பிளீச்சில் மறுபடி முக்கி எடுத்தால் நிறம் திரும்பும்.

நேரே ஐஸ் கம்பெனிக்கு நடந்தேன். அண்ணாச்சி ஐஸ் பாளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு வேட்டி நுனியால் கையைத் துடைத்தார்.

"பம்ப மறந்தது மனுசங்க செய்த தப்பு. அது கெடக்கு. ரெண்டு நாளு வாய மூடிட்டு இருந்தியே, அந்தப் பய மானம் போச்சே. அதுக்குத்தான் எனக்குக் கோவம்."

"ஆமா அண்ணாச்சி."

"மூணு மாசம் பாப்பம்னு சொன்னேன்லா? அது இன்னையில இருந்து மறுபடி ஆரம்பிக்கு. இப்ப போ. அவனக் கூட்டிட்டு வா. நான் ஆள் அனுப்ப மாட்டேன், நீதான் போவணும். நானும் அவன்ட்ட சொல்ல வேண்டியது இருக்கு. வந்ததும் சொல்லுதேன்."

சந்தியாகுவின் வீடு பெரிய கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. வாசலில் வேப்பமரத்தடியில் மூன்று சினேகிதர்களோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். கையெல்லாம் பவுடர். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். நாலு பேர் முன்னால் பழி சுமத்தியவள் நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று வழியிலேயே தீர்மானித்திருந்தேன்.

"சந்தியாகு, தப்பு உங்களோடது இல்ல. என்னோடது. பம்ப நிறுத்துனது நான்தான். நெகட்டிவ்லதான் கோளாறு. நீங்க சொன்னது சரி."

சினேகிதர்கள் காயைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள்.

"எதுக்கு நிறுத்துனிய?"

"சத்தமா இருந்துச்சு."

"பம்புன்னா சத்தம் போடத்தானே செய்யும்."

வேறு வழியில்லை. "நீங்க சொல்ற கதை கேக்கல" என்றேன்.

சினேகிதர்களில் ஒருவர் தும்மினார். தும்மலில்லை, சிரிப்பு. சந்தியாகு சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்டிரைக்கரைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு நாளா எனக்கு உறக்கம் இல்ல மேடம். கண்ணு போயிருச்சோன்னு பயந்துட்டேன். நமக்கு இருக்கது அது ஒண்ணுதான. நேத்து கண்ணாஸ்பத்திரிக்குப் போயி எழுத்தெல்லாம் படிச்சுக் காட்டுனேன். ஒண்ணுமில்லன்னாங்க. அப்பவும் நம்பிக்க வரல."

தப்பாகப் போன ரோல்களையும் கெட்ட பெயரையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தன் கண்ணையே நம்ப முடியாமல் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

"அந்தப் புள்ள என்னைக்குக் கேட்டிருக்கு?" என்றார்.

"ஞாயித்துக்கெழம கப்பல்."

"அப்ப நின்னு பேச நேரமில்ல" என்று சட்டையை எடுக்க உள்ளே போனார்.

லேபில் அண்ணாச்சி எங்களுக்கு முன்னே வந்து நின்றுகொண்டிருந்தார். சந்தியாகுவைக் கண்டதும், "அவசரப்பட்டுட்டேன்டே. மனசுல வச்சுக்காத" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மே 28, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குப் பழைய பிளீச்சை வடித்துவிட்டு, சீல் பிரிக்காத கேனிலிருந்து புதிதாகக் கலந்தேன். ஒரு மணி நேரம் காற்று விட்டேன். பம்பின் டுர்ர்ர் இன்றைக்கு மங்கள வாத்தியம் போல இருந்தது. சோதனைத் துண்டு போட்டேன். புள்ளி கோட்டில்.

ஆனாலும் நான்கு ரோலையும் ஒரேயடியாக முக்கப் பயம். நாலாவது ரோலின் கடைசியில் ஒரு படம் இருந்தது. ஸ்டூடியோக்காரர் பிலிமை முடிக்க எடுத்தது, கோயில் வாசலில் படுத்திருந்த செவலை நாய். அந்த ஒரு கட்டத்தை மட்டும் கத்தரித்தோம். ஏற்கெனவே கழுவிய பிலிம் என்பதால் இருட்டறை வேண்டியதில்லை. பட்டப்பகலில், வாளியில், கிளிப்பில் தொங்கவிட்டுச் செய்தேன். பிளீச்சில் ஆறரை நிமிஷத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று நிமிஷம். பிறகு தண்ணீர், ஃபிக்ஸர், தண்ணீர், கடைசி முழுக்கு.

காய்வதற்குள் அண்ணாச்சி நான்கு தடவை வந்து எட்டிப் பார்த்தார். "நாயி பொழச்சிட்டா?"

சந்தியாகு அதை அச்சிட்டார். படம் வெளியே வந்தபோது அவர் அதை என்னிடம் நீட்டினார். நாய் செவலையாக இருந்தது. நேற்றுவரை சாம்பல் நிறத்தில் இருந்த நாய், செங்கல்பொடியில் புரண்டு எழுந்தது போலச் செவசெவ என்று. அதன் பின்னால் யாரோ ஒருவரின் சேலை முந்தானை, மிளகாய்ப்பழச் சிவப்பு.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அண்ணாச்சி ஓடி வந்து ஷாக் அடித்துவிட்டதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வேலைதான். ரோல் ரோலாக முக்கினேன், எடுத்தேன், காயப் போட்டேன். முதுகு விட்டுப்போனது. பதினொரு மணிக்குக் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, பம்பையும் அதில் சேர்த்து மாட்டினேன். மதியம் சாப்பிட உட்காரவில்லை. சந்தியாகு அச்சிட்டுக்கொண்டே ஒரு வாழைப்பழத்தை நீட்டினார்.

நான் கழித்துவிடச் சொன்ன ஒரு படத்தை அவர் அச்சிட்டிருந்தார். ஜெரால்டு தாலிச் சங்கிலியின் கொக்கியை மாட்டத் தெரியாமல் தடுமாறுகிறார். பெர்னதெத் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலை குனிந்து சிரிக்கிறாள். பாதிரியார் கலங்கலாக, பாதிதான் தெரிகிறார்.

"கண்ணு மூடியிருக்கே, இத எதுக்குப் போட்டீங்க?"

"கெடக்கட்டும் மேடம். கூட ஒண்ணு."

ஐந்து மணிக்குப் பெர்னதெத் வரவில்லை. மாமனார் வீட்டில் விருந்தாம், ஜெரால்டு காலையில் எட்டு மணிக்கே துறைமுகத்துக்குப் போக வேண்டுமாம் என்று ஒரு பெரியவர் வந்து சொல்லிவிட்டு, "படம் சரியா வந்துச்சுன்னா அங்கயே கொண்டாந்து தர முடியுமான்னு புள்ள கேக்கச் சொல்லிச்சு" என்றார். ஆறு மணிக்கு நூற்று முப்பத்திரண்டு படம் முடிந்தது.

மே 29, ஞாயிறு

ஏழரைக்கே துறைமுக வாசலில் நானும் சந்தியாகுவும் நின்றோம். ஆல்பம் ஒட்ட நேரமில்லை. படங்களை நான்கு உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தோம். உப்பு லாரிகள் வரிசை கட்டி நின்றன. எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு அம்பாசடர் கார் வந்தது. பெர்னதெத் கார் நிற்கும் முன்பே இறங்கிவிட்டாள்.

உறையைக் கொடுப்பதற்கு முன்னால் சொன்னேன். "பெர்னதெத், அன்னைக்கு நீ பாத்த படம் கெட்டுப்போனது என்னாலதான். நான்தான் கவனிக்காம விட்டேன். இவங்க மேல தப்பு இல்ல. இப்ப சரி பண்ணியிருக்கோம்."

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நம்ம மூஞ்சியே இப்படித்தானோன்னு நெனச்சிட்டுக் கண்ணாடிய பாத்துட்டு இருந்தேன்" என்று சொல்லி உறையைப் பிடுங்கினாள்.

முதல் படம் கூறைச்சேலை. தான் கட்டியிருந்த சேலையின் முந்தானையை இழுத்துப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். அதே கூறையைத்தான் வழியனுப்பவும் கட்டி வந்திருந்தாள். இரண்டும் ஒரே சிவப்பு.

"ஏங்க, இங்க வாங்க!"

ஜெரால்டு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கூச்சமான மனிதர். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் படத்தைத் தொட்டார். காரின் பானட் மீது படங்களைப் பரப்பி, கல்யாணச் சாமானைப் பங்கு பிரிப்பது போல இருவரும் பிரிக்க ஆரம்பித்தார்கள். இது எனக்கு, இது ஒனக்கு. மாமா நிற்பது உனக்கு. கேக் வெட்டுவது எனக்கு. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. கண் மூடிய படம் வந்தது. இருவர் கையும் ஒரே நேரத்தில் அதன் மேல் விழுந்தது.

"இது எனக்கு" என்றார் ஜெரால்டு. அதுவரை அவர் குரலையே நாங்கள் கேட்கவில்லை.

"ஐயே, கண்ண மூடிட்டு நிக்கேன். இது எதுக்கு ஒங்களுக்கு? எனக்குத்தான்."

"நீ நேர்ல எத்தன தடவ வேணாலும் சிரிச்சுக்கிடலாம். எனக்கு இது ஒண்ணுதான் கெடக்கு."

"நான் சிரிக்கத நான் எப்படிப் பாக்க முடியும்?"

கேட்டில் இருந்த காவலர் விசிலை ஊதினார். இருவரும் விடவில்லை. படம் கிழிந்துவிடும் போலிருந்தது. நான் நடுவில் கை நீட்டினேன்.

"நெகட்டிவ் எங்கிட்ட இருக்கு. எத்தனை வேணும்னாலும் போடலாம். பெர்னதெத், இத அவங்களுக்குக் குடுத்துரு. நாளைக்குக் காலையில வா, இதையே பெரிசா போட்டுத் தாரேன்."

அவள் விரலை எடுத்தாள். ஜெரால்டு அந்த ஒரு படத்தை மட்டும் உறையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். சந்தியாகுவுக்கும் எனக்கும் ஒரு கும்பிடு போட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கேட்டைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தார், பையைத் தட்டிக் காட்டினார். பெர்னதெத் அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம். எத்தனை டிகிரி சூடு இருக்கும் என்று டீயைக் காட்டிச் சந்தியாகு கேட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டு, தெரியவில்லை என்றேன். ஏனோ இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

இந்த வாரம் பிளீச் முழுதாகக் களைத்த பிறகு கழுவிக் கெட்டுப்போன மற்ற ரோல்கள் பதினொன்று. அத்தனையும் மறுபடி முக்க வேண்டும். பதினொரு வீட்டுக்கும் போய் நானே சொல்லிவிட்டு வர வேண்டும். "நானும் வாரேன், தெருவு எனக்குத்தான் தெரியும்" என்றார் சந்தியாகு. வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. இதையும் எழுதிவிடுகிறேன்.

மே 30, திங்கள்

ஷட்டர் தூக்குவதற்கு முன்னாலேயே பெர்னதெத் படியில் உட்கார்ந்திருந்தாள். படம் பெரிதாக வேண்டும், இரண்டு கையாலும் பிடிக்கிற அளவு வேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தோம். அண்ணாச்சி காசு வாங்க மறுத்தார், அவள் மேஜையில் வைத்துவிட்டாள், அவர் அதை ஒரு பாக்கெட் பிஸ்கட்டாக மாற்றி எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார்.

படத்தை உறையில் போட்டுத் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே வாசலில் இறங்கி ரோட்டைக் கடந்தாள். எதிரே வந்த சைக்கிள்காரர் சடாரென்று பிரேக்கைப் பிடித்து, கேரியரிலிருந்த கீரைக்கட்டு சரிய, திட்ட வாயைத் திறந்தார். அவள் படத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு எதிரே நீட்டினாள்.

அவர் காலை ஊன்றி, சைக்கிளை விட்டு இறங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.